மகளுக்கு எதிரே போட்ட நாற்காலி

இந்த ஒரு அத்தியாயத்தை எழுதச் சில வருஷம் தயங்கினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் கடை வைத்த கதை, மாமியார் வீட்டில் மழைக்கு ஒதுங்கி நான்கு நாள் மாட்டிக்கொண்ட கதை எல்லாம் கூசாமல் எழுதிவிட்டேன். இது மட்டும் பேனாவை எடுத்தால் நகராது. காரணம், இது என் மகளைப் பற்றியது. பெற்ற பெண்ணைப் பற்றி அப்பன் எழுதினால் ஒன்று பீற்றலாகிவிடும், இல்லையென்றால் கண் பட்டுவிடும். இரண்டுக்கும் பயந்தவன் நான்.

போன கிருத்திகையன்று அவளிடமே கேட்டேன். "எழுதிக்கோப்பா, எனக்கு இன்னா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டாள். முருகனை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

அது மாசி மாதம். செங்கல்பட்டில் எங்கள் பூஜைச் சாமான் கடைக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் கலைக் கல்லூரியில், ஒரு வகுப்பறையின் மேடை மீது நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றின் மேனேஜர், ரஹீம் என்று பெயர், கோட்டு போட்டிருந்தார். நான் வேட்டி சட்டை, நெற்றி நிறைய விபூதி. கையில் கற்பூர வாசனை போகவே இல்லை. வெளியே வராந்தாவில் பிள்ளைகள் வரிசையாக நின்று உதட்டை அசைத்து எதையோ தமக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுப்புடவைக் கஞ்சி மொடமொடக்கும் சத்தம் உள்ளே வரை கேட்டது.

மாதிரி நேர்காணலாம். கேள்வி கேட்கிறவர்களில் நானும் ஒருத்தன். பத்தாவதில் கணக்குப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான்.

ஏன் என்னைக் கூப்பிட்டார்கள்

இதற்கு வேறு ஒரு கதை சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் யார் வீட்டில் பெண் பார்க்கப் போனாலும் என்னை அழைத்துப் போவார்கள். தரகு வேலை இல்லை. என் வேலை ஒன்றே ஒன்றுதான். காபித் தட்டோடு வந்து தலையைக் குனிந்து நிற்கிற பெண்ணை, யார் மனமும் கோணாமல் நான்கு வார்த்தை பேச வைக்க வேண்டும். சமைக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று கேட்டால் அந்தப் பிள்ளை தெரியும் என்று சொல்லிவிட்டு இன்னும் குனியும். அதனால் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

"ஏம்மா, நீ ரெண்டு நாள் ஊருக்குப் போயிட்டா, வூட்ல எந்த வேலை நின்னு போவும்?"

இதற்குத் தெரியும், தெரியாது என்று பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் யோசிக்கும். பிறகு சிரிக்கும். தாத்தா மாத்திரை போடமாட்டார் என்று ஒரு பெண் சொன்னாள். தம்பியை யாரும் எழுப்ப மாட்டார்கள் என்று ஒருத்தி. ஒருத்தி மட்டும், "ஒண்ணும் நிக்காது. அதுக்குத்தான் என்னைக் கட்டிக் குடுக்கிறாங்க" என்றாள். கூடம் முழுக்கச் சிரித்தது. அந்தச் சம்பந்தம் அன்றைக்கே நிச்சயமானது.

கல்லூரியில் தமிழ்த் துறைப் பேராசிரியர் சந்திரா மேடத்தின் தங்கையைப் பார்க்கப் போனபோதும் நான்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். மேடம் அதை மறக்கவில்லை. ஒருநாள் துளசி மாலை வாங்க வந்தவர் கடை வாசலிலேயே நின்று, "அண்ணா, அந்தக் கேள்விய எங்க பசங்ககிட்ட வந்து கேக்கணும்" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

எல்லோரும் பாடிய ஒரே பாட்டு

அதற்கு முந்தின வருஷம் நடந்ததை மேடம் சொன்னார். பி.ஏ. படிக்கிற பிள்ளைகளுக்கு வேலை கிடைப்பதில்லை என்று, வெளியூரிலிருந்து ஒருவரை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவர் இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். என் பெயர் இது, என் அப்பா விவசாயி, என் பலம் கடின உழைப்பு, என் பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. பிள்ளைகள் கந்தசஷ்டிக்குக் கவசம் சொல்வதுபோல உருப்போட்டார்கள்.

கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே போய் அந்தப் பத்தியைச் சொன்னது. எல்லோருடைய அப்பாவும் விவசாயி. லாரி ஓட்டுகிறவரின் பிள்ளைக்கும் அப்பா விவசாயி. கேட்டவருக்கே பாவமாகிவிட்டது. "என்ன பாட்டும்மா கேப்ப?" என்று ஒரு பெண்ணிடம் தமிழில் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் மறுபடி முதலிலிருந்து, என் பெயர் இது என்று ஆரம்பித்துவிட்டது. மதியம் சாப்பாட்டுக்குக்கூட இருக்காமல் கிளம்பிவிட்டார்கள்.

"பசங்களுக்கு ஒண்ணும் தெரியாம இல்லண்ணா. தெரிஞ்சது எதுன்னு அவங்களுக்கே தெரியல" என்றார் மேடம்.

அதற்காக அவர் ஒரு ஏற்பாடு செய்தார். கடைசி வருஷப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஓர் இடத்துக்குப் போய் வேலையோடு இருந்து பார்க்க வேண்டும். ஒருத்தன் வக்கீல் ஆபீசுக்குப் போனான், ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு. வருஷக் கடைசியில் ஊர்க்காரர்கள் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். உருப்போட்டது கூடாது. அவரவருக்கு வருகிற பேச்சில் பேசலாம்.

அந்தக் கடைசி வருஷ பி.ஏ. தமிழில்தான் என் மகள் அபிராமியும் இருந்தாள்.

கல்பாக்கம் பக்கம்

அவள் எங்கே போகிறாள் என்று கேட்டதற்கு, "கல்பாக்கம் பக்கம்பா" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "பொண்ணு அணுமின் நிலையத்துக்குப் போய்கினு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். கற்பூரம் வாங்க வந்த ஒருவர், அணுமின் நிலையத்தில் தமிழுக்கு என்ன வேலை என்று கேட்டார். எல்லா இடத்திலும் தமிழ் வேணுமில்லையா என்று சொல்லி அனுப்பினேன். நம்பித்தான் சொன்னேன்.

அவள் போனது சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுவலகம். கடல் எப்படி இருக்கும், காற்று எப்படி இருக்கும் என்று மீனவர்களின் போனுக்குக் குரலில் செய்தி அனுப்புகிற இடம். மேலே மொட்டை மாடி, கீழே ஒரு அறை, வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவள் சொல்ல வந்தபோதெல்லாம் நான் வேறு ஒன்றைப் பேசிக்கொண்டிருந்தேன்.

நான் பேசியது மறைமலைநகரைப் பற்றி. என் மனைவி சரோஜாவின் தம்பி வேலு அங்கே கார் பாகம் செய்கிற ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அபிராமிக்கு ஆபீசில் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். பரீட்சை முடிந்ததும் சேர வேண்டியதுதான். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். வயசுப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வேலு அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்டிருந்தான்.

அந்த வாரத்தில்தான் நேர்காணல்.

கேளுங்க சார்

மேடத்திடம் முன்கூட்டியே ஒன்று கேட்டுக்கொண்டேன். என் பெண்ணை என் அறைக்கு அனுப்பாதீர்கள், அப்பன் முன்னால் பிள்ளை பேசாது என்று. அவரும் பக்கத்து அறையில் பெயரைப் போட்டுவிட்டார்.

காலை நன்றாகப் போனது. ரஹீம் சார் தொழில் சம்பந்தமாகக் கேட்பார், நான் என் பழைய கேள்வியைக் கேட்பேன். வேடந்தாங்கல் பக்கத்துப் பையன் ஒருவன், பொருளாதாரம் படிக்கிறவன், ரஹீம் சார் கேட்டதற்கெல்லாம் நெளிந்துகொண்டிருந்தான். நான் கேட்டதும் நிமிர்ந்தான்.

"எங்க பெரியப்பாவும் எங்கப்பாவும் பேசிக்க மாட்டாங்க சார். ரெண்டு பேருக்கும் ஒரே மோட்டாரு. இவரு எப்ப தண்ணி வுடுவாருன்னு அவருக்கு நான்தான் போய் சொல்லணும். அவரு திட்றத இவருகிட்ட வந்து சொல்லக் கூடாது. நான் இல்லன்னா ரெண்டு பயிரும் காஞ்சிடும்."

ரஹீம் சார் பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணாத்த, எங்க ரிசப்ஷனுக்கு இவன்தான் வேணும்" என்று என் காதோரம் சொன்னார். அந்தப் பையன் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் எங்களைப் பார்த்தான்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு குழப்பம் வந்தது. பக்கத்து அறையில் இருந்தவர் ஒரு தொழிற்சாலை அதிகாரி. கம்பெனி பஸ்ஸை விட்டால் வீட்டுக்குப் போக முடியாது என்று எழுந்துவிட்டார். மீதிப் பிள்ளைகள் எங்கள் அறைக்கு வந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் அபிராமி உள்ளே வந்தாள்.

அம்மாவின் பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்து ஒரு விநாடி நின்றாள். பிறகு, "வணக்கம் சார்" என்று இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லி உட்கார்ந்தாள்.

ரஹீம் சாருக்கு அவள் என் மகள் என்று தெரியாது. படிப்பு, பஸ், எந்த ஊர் என்று கேட்டுவிட்டு, "அண்ணாத்த, உங்க கேள்விய கேளுங்க" என்றார்.

ஊரில் எத்தனையோ பெண்களிடம் கேட்ட கேள்வி. என் வீட்டில் அவள் இல்லாவிட்டால் எது நின்றுபோகும் என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. படிக்கிற பிள்ளை என்று ஒரு வேலையும் கொடுக்காமல் வைத்திருந்தோம். செல்லம் என்று நினைத்துச் செய்ததுதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது அது செல்லமாகத் தெரியவில்லை.

"கேளுங்க சார்" என்றாள் அபிராமி.

கேட்டேன்.

"வூட்ல ஒண்ணும் நிக்காது சார்" என்றாள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா குப்பத்துல நிக்கும்."

ரஹீம் சார் எந்தக் குப்பம் என்று கேட்டார். அவள் சொல்லச் சொல்லத்தான், அணுமின் நிலையம் எது, அவள் போகிற இடம் எது என்று எனக்குப் புரிந்தது.

வானிலைக்காரர்களிடமிருந்து வருகிற அறிவிப்பை அப்படியே படித்து அனுப்பிக்கொண்டிருந்தார்களாம். வடகிழக்குத் திசையிலிருந்து பலத்த காற்று வீசக்கூடும் என்று ஆரம்பித்து, அலை, தூரம் எல்லாம் சொல்லி, ஆகவே மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள் என்று முடியும். போனை எடுக்கிறவர்கள் வலையைத் தூக்கிக்கொண்டோ ஐஸ் உடைத்துக்கொண்டோ இருப்பார்கள். பாதியில் வைத்துவிடுவார்கள். போக வேண்டாம் என்கிற பேச்சு அவர்கள் காதுக்குப் போனதே இல்லை.

"நான் அத்த திருப்பிப் போட்டேன் சார். முதல்ல போலாமா வாணாமா. அப்பறம் காத்து. அப்பறம் அலை. அவங்க பேச்சுலயே" என்றாள்.

எங்கே, சொல்லு பார்க்கலாம் என்றார் ரஹீம் சார். அவள் நேராக உட்கார்ந்து, யாருக்கோ போன் பேசுவதுபோலச் சொன்னாள்.

"நாளைக்கு யாரும் போவாதீங்க. வாடைக் காத்து விடியறதுக்கு முன்னயே தூக்கிடும். அலை பெரிசா கீது. இன்னிக்கே படக மேல ஏத்தி வச்சிடுங்க."

இருபது வருஷமாக நான் கேட்ட குரல்தான். ஆனால் அப்படி ஒரு தெளிவோடு அவள் வீட்டில் பேசி நான் கேட்டதில்லை.

"ஒரு செவ்வாக்கிழமை, நான் போற நாளு, எனக்குக் காய்ச்சல் சார். வேற ஒருத்தர் படிச்சி அனுப்பினாரு. அன்னிக்கு ஒரு ஆயா ஆபீசுக்குப் போன் பண்ணிச்சாம். இன்னிக்கு யாரோ பேப்பர் படிக்குது, எங்க பாப்பா எங்கன்னு." இதைச் சொல்லும்போது அவள் ரஹீம் சாரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "எனக்கு அந்த வேலைதான் வேணும்."

அவள் வெளியே போனதும் ரஹீம் சார் என் பக்கம் திரும்பி, யார் பெற்ற பிள்ளையோ என்றார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தண்ணீர் ஜாடியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வெள்ளைப்பூவும் செவ்வரளியும்

ஞாயிற்றுக்கிழமை வேலு வந்தான். விஷயத்தைச் சொன்னதும் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். வருத்தம் அவனுக்கு. பத்துப் பேர் காலைப் பிடித்துச் சொல்லி வைத்த இடம்.

"ஏன் மாமா, தலைமுறையா கடல்ல போறவனுக்குக் காத்து தெரியாதா? உன் பொண்ணு சொல்லித்தான் போவணுமா?" என்றான்.

அபிராமி மோர் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்குக் காத்து அவங்களுக்கு நல்லாத் தெரியும் மாமா. நாளன்னிக்குக் காத்து, மேலேந்து சாட்டிலைட்ல போட்டோ எடுக்குறவனுக்குத்தான் தெரியும். அவன் பேசறது இவங்களுக்குப் புரியாது. நடுவுல ஒரு ஆள் வேணும்ல."

"கம்பெனிலயும் மேல இருக்கறவன் பேசறது கீழ இருக்கறவனுக்குப் புரியாதுதான்" என்று வேலு முணுமுணுத்துவிட்டு, மோரை ஊற்றச் சொன்னான். ஆனால் சரி என்று சொல்லவில்லை. முடிவை என் தலையில் வைத்துவிட்டுப் போனான்.

இதுபோன்ற நேரத்தில் எங்கள் வீட்டில் பூப் போட்டுப் பார்ப்பது வழக்கம். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வோம். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. கடை வைத்தது அப்படி, வீடு மாறியது அப்படி. என் கல்யாணமே அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை குளித்துவிட்டு இரண்டு பொட்டலம் கட்டினேன். வெள்ளை வந்தால் கம்பெனி, சிவப்பு வந்தால் கடற்கரை. பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கூப்பிடச் சொன்னேன்.

சரோஜா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். என் முடிவுக்கு அவள் குறுக்கே பேசுகிறவள் அல்ல. "அவ வாயாலயே கேட்டுட்டு வந்தீங்க. அவளும் சொல்லிட்டா. மறுபடி சாமிய எதுக்குக் கேக்கறீங்க? அவ சொன்னது பிடிக்கலன்னா சாமி மேல பழி போடறதுக்கா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பொட்டலத்தையும் பிரித்தேன். வெள்ளையும் சிவப்புமாகக் கலந்து முருகன் பாதத்தில் போட்டேன். அன்றைக்குக் கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

வேலுவுக்கு நானே போன் செய்து சொன்னேன். ஒரு வாரம் பேசாமல் இருந்தான். அப்புறம் அவளுக்கு மழைக்கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தான்.

ஐப்பசியில் ஒரு விடியல்

பரீட்சை முடிந்து அந்தச் சின்ன அலுவலகத்திலேயே சேர்ந்தாள். சம்பளம் கம்பெனியைவிடக் குறைவுதான். இரண்டு பஸ் மாற வேண்டும். ஆனால் சந்திரா மேடத்தின் கல்லூரியிலிருந்து இப்போது வருஷத்துக்கு ஒரு பிள்ளை அவளிடம் பழக வருகிறது. வேடந்தாங்கல் பையன் ரஹீம் சாரிடம்தான் இருக்கிறான். எல்லோருக்கும் அமைந்துவிடவில்லை. பரீட்சைக்கு மேல் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறவர்களும் உண்டு. ஆனால் அப்பா விவசாயி என்று இப்போது யாரும் பொய் சொல்வதில்லை என்கிறார் மேடம்.

போன ஐப்பசியில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் அம்மன் கோயில் விசேஷத்துக்குச் சாமான் கொண்டுபோனேன். விடிந்துகொண்டிருந்தது. என் கண்ணுக்குக் கடல் சாதுவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு படகும் இறங்கவில்லை. எல்லாம் மேட்டில் ஏற்றிக் கிடந்தன. கோயில் திருவிழாவுக்காகவா என்று வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"அதுக்கில்ல நைனா. பாப்பா வாணான்னு சொல்டுச்சி" என்றார். நான் புரியாதவன்போல நின்றதால் போனை எடுத்துப் போட்டுக் காட்டினார். அவள் குரல். பக்கத்தில் மீன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்த அம்மா, "அதுக்கு இன்னா, அது ஆபீசுல ஃபேன் கீழ உக்காந்துகினு சொல்லும். இங்க ஒரு நாள் பொழப்பு போச்சி" என்று திட்டினார். திட்டிவிட்டு, "ஒவ்வொண்ணும் சத்தமா சொல்லுது பாரு, பெத்த புள்ள மாரி" என்றும் சொன்னார்.

அது என் பெண் என்று நான் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. சொன்னால் அந்தக் குரல் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும்போல இருந்தது. அது அவர்களிடமே இருக்கட்டும் என்று, கற்பூரத்தையும் மஞ்சளையும் பூசாரியிடம் இறக்கிவிட்டு வந்தேன்.

வீட்டில் வந்து நான் சொன்ன இந்தக் கதை இப்போது எங்கள் தெருவில் வேறு மாதிரி உலவுகிறது. அன்றைக்குப் பெரிய புயல் வந்தது, அபிராமியால் ஊரே பிழைத்தது என்கிறார்கள். கனவில் முருகன் வந்து எனக்கு உத்தரவு கொடுத்தார் என்றும் ஒருவர் என்னிடமே சொன்னார். அவளை அதிகாரி ஆக்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். அன்பில் சொல்வதுதான், கோபமில்லை. ஆனால் வேலை தேடுகிற ஒரு பிள்ளை இதைக் கேட்டால், புயல் வந்தால்தான் தன் வேலைக்கு மதிப்பு என்று நினைத்துவிடும்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பி.ஏ. படிக்கிற பிள்ளை இருந்தால், பெற்றவர்கள் கவலையோடு இருந்தால், இதைச் சொல்லுங்கள். ஆனால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். அன்றைக்குப் புயல் ஒன்றும் வரவில்லை. மத்தியானத்துக்கு மேல் வாடைக் காற்று தூக்கியது, மழை பெய்தது, அவ்வளவுதான். அந்தக் குப்பத்தில் எல்லோரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள்.